தாழியில் முதிரும் திராட்சை மது

கருங்கடலுக்கும் காஸ்பியன் கடலுக்கும் இடையே, காகஸஸ் மலைத்தொடரின் தென்புறத்தில் ஜார்ஜியா என்னும் சிறிய தேசம் இருக்கிறது. அமெரிக்காவில் இதே பெயருடன் விளங்கும் ராஜ்யம் வேறு. இத்தேசத்தின் கீழ்ப்பாகமாகிய ககேத்தியில், அலசானி நதிப் பள்ளத்தாக்கு நெடுகத் திராட்சைத் தோட்டங்களே காணப்படும். தேசம் முழுவதிலுமுள்ள திராட்சைச் சாகுபடியில் பாதிக்கு மேற்பட்டது இப்பகுதியைச் சேர்ந்தது. தலைநகராகிய திபிலிசிக்குத் தெற்கேயுள்ள பழைய குடியிருப்பு மேடுகளில் அகப்பட்ட பானை ஓடுகளைச் சோதித்த ஆராய்ச்சியாளர், சுமார் 8,000 வருஷங்களுக்கு முன்பே அங்குத் திராட்சை மது செய்யப்பட்டதென்று 2017-ஆம் வருஷத்தில் வெளியிட்டனர்.

மதுபானத்தின் குணதோஷங்களை இங்கு விவரிக்கப் புகவில்லை. விளைபொருள் முழுவதையும் ஒரே சந்தையை நம்பி உற்பத்தி செய்த ஒரு பிரதேசம் அடைந்த சங்கடமும், அச்சங்கடத்திலிருந்து விடுபடச் சில சிறு தோட்டக்காரர்கள் துணிந்து மேற்கொண்ட முயற்சியுமே நம் மிராசுதார்கள் கவனிக்கத்தக்கவை.

சோவியத் ஆட்சியில் ககேத்தித் திராட்சை சர்க்கார் ஆலைகளுக்குச் சென்றது. ஆலைக்கு வேண்டியது எடை. ஆகவே, ஏராளமாக மகசூல் கொடுக்கும் ‘ர்கட்சிதெலி’ என்னும் வெள்ளை ரகமும், ‘சபேராவி’ என்னும் கறுப்பு ரகமும் நிலத்தில் பெரும்பகுதியைப் பிடித்துக்கொண்டன. சபேராவிக்குச் சாயம் என்று பொருள்; அதன் தோல் மட்டுமன்றிச் சதையும் சிவந்திருக்கும். ஜார்ஜியாவுக்கே உரிய நாட்டு ரகங்கள் 500-க்கு மேல் உண்டு. அவற்றுள் பல, வீட்டுக் கொல்லைகளிலும் ஆராய்ச்சிப் பண்ணைகளிலும் மட்டுமே எஞ்சி நின்றன. 1985-ஆம் வருஷத்தில் கோர்பச்சேவ் மதுவொழிப்பு இயக்கத்தைத் தொடங்கியபோது, தோட்டங்கள் பல வேரோடு பெயர்க்கப்பட்டன.

சோவியத் கூட்டரசு கலைந்தபின்னும் வியாபார வழக்கம் மாறவில்லை. ஏற்றுமதியான மதுவில் பெரும்பகுதியை ருஷ்யாவே வாங்கிவந்தது. 2006-ஆம் வருஷம் மார்ச்சு மாதத்தில், சுகாதாரக் குறைவு உண்டென்று சொல்லி, ருஷ்ய சர்க்கார் அம்மதுவின் இறக்குமதியை அடியோடு தடுத்துவிட்டது. அரசியல் பகையே உண்மையான காரணம் என்பது ஜார்ஜியர் கட்சி. ஆயினும், போலிச் சரக்கும் கலப்படமும் அந்நாட்களில் மலிந்திருந்தன என்பதை மறைப்பதற்கில்லை. காரணம் எதுவாயினும், கொள்வாரில்லாமல் சரக்குத் தேங்கிற்று. திராட்சைக்கு விலை கிட்டாமல் குடியானவர் திகைத்தனர்.

இந்நிலையில் சிலருடைய கவனம் பாட்டன் பூட்டன் காலத்து முறையின்மேல் சென்றது. அம்முறை கிராம வீடுகளில் என்றுமே அற்றுப்போகவில்லை. விற்பனைக்குரியதென்று எவரும் கருதாதிருந்தனர், அவ்வளவே. அதற்கு முக்கிய சாதனம் ‘குவேவ்ரி’ என்னும் மண் தாழி. நெற்குதிர் போல் வயிறு பருத்து, அடிப்புறம் பம்பரம் போல் கூர்ந்திருக்கும். சில நூறு லிட்டர் முதல் சில ஆயிரம் லிட்டர் வரை கொள்ளும். சக்கரத்தில் வைத்து வனைவதில்லை. களிமண்ணைத் திரித்து, நாள்தோறும் சில விரற்கடை உயர்த்தி, உலரவிட்டு, மறுபடியும் உயர்த்திக் கையாலேயே கட்டுகின்றனர். பெரிய தாழி ஒன்று எழும்பப் பல வாரங்கள் செல்லும். சூளையில் சுட்டபின், சூடு ஆறுமுன் உட்புறம் தேன்மெழுகு பூசி, கழுத்து வரையில் பூமியில் புதைத்துவிடுவர். தாழிகள் புதைந்திருக்கும் கூடத்திற்கு ‘மரானி’ என்று பெயர்.

புரட்டாசி, ஐப்பசி மாதங்களை ஒட்டி அறுவடை நடக்கும். பழத்தை மிதித்துப் பிழிந்து, ரசத்துடன் தோலையும் விதையையும், முற்றிப் பழுத்த காம்பையும் சேர்த்தே தாழியில் இடுவது ககேத்தி வழக்கம். புளிக்கவைப்பதற்கென்று வேறொன்றும் சேர்ப்பதில்லை. பழத்திலும் மரானியிலும் இயல்பாகவுள்ள நுண்ணுயிர்களே அவ்வேலையைச் செய்கின்றன. பொங்கும்போது தோல் மேலே திரண்டு மிதக்கும். நாளொன்றுக்குப் பலமுறை கோலினால் அதை அமிழ்த்த வேண்டும். இதில் ஒரு வேளை அசட்டையாயிருந்தாலும் மேற்சக்கை உலர்ந்து காடியாகத் தொடங்கும். பொங்குதல் அடங்கியபின் சக்கை தானே கீழிறங்கும். அப்பொழுது மூடியிட்டு, களிமண்ணால் வாயைப் பூசிவிடுவர். குளிர்காலம் முழுவதும் தாழி திறக்கப்படுவதில்லை. பூமி தரும் குளிர்ச்சி ஏறக்குறைய ஒரே சீராயிருப்பதால், யந்திரக் குளிர்ச்சாதனம் வேண்டுவதில்லை. விதைகள் கூர்ந்த அடியில் தங்கி, அவற்றின்மேல் தோலும் வண்டலும் படிய, தெளிந்த மது மேலே நிற்கும். ஐந்தாறு மாதங்களுக்குப்பின் வசந்தத்தில் அதை இறைத்தெடுப்பர். வெள்ளைத் திராட்சையிலிருந்து பிறந்ததேயாயினும், தோலுடன் கிடந்தமையால் தேனின் நிறமும் தேயிலை போன்ற துவர்ப்பும் பெற்றிருக்கும். எஞ்சிய சக்கையும் வீணாவதில்லை. அதை வாலையில் வடித்து, ‘சாச்சா’ என்னும் காரமான சாராயம் எடுக்கின்றனர்.

இம்முறையின் அருமையை அயலார் ஒருவர் முன்பே அறிந்திருந்தார். இத்தாலியின் வடகிழக்கு மூலையைச் சேர்ந்த யோஸ்கோ கிராவ்னர் 2000-ஆம் வருஷத்தில் ஜார்ஜியாவுக்குச் சென்று கண்டு, மறு வருஷம் முதல் தம் ஊரிலும் குவேவ்ரிகளைப் புதைத்து மது செய்யலானார். ககேத்தியில், இலக்கியப் பயிற்சியுள்ள சொலிகோ சைஷ்விலி என்பவர் 2003-ஆம் வருஷத்தில் நண்பர்களுடன் தம் தேவைக்கென்று தாழி மது செய்யத் தொடங்கி, அதற்கு ‘எங்கள் மது’ என்றே பெயரிட்டார். 2018-இல் அவர் காலமானார். 2007-இல் சிக்னாகி ஊரில், பரம்பரைத் திராட்சைக் குடியானவராகிய கேலா பதாலிஷ்விலியும், அங்குக் குடியேறிய அமெரிக்கச் சித்திரக்காரர் ஜான் வர்தெமனும் கூட்டுச் சேர்ந்து ‘ஃபெசன்ட்ஸ் டியர்ஸ்’ என்னும் சாலையை நிறுவினர். 11-ஆம் நூற்றாண்டில் எழுந்த அலவெர்தி தேவாலயத்தின் துறவிகளும் தங்கள் பழைய மரானியைப் புதுப்பித்தனர். மறைந்துபோகும் தறுவாயிலிருந்த ‘கிசி’ முதலிய ரகங்களை இத்தகையோர் தேடிப் பயிரிட்டனர். அமெரிக்கா, ஜப்பான், மேற்கு ஐரோப்பா ஆகிய இடங்களில், அளவில் சிறிதாயினும் நல்ல விலை கொடுக்கும் வாடிக்கைக்காரர் அகப்பட்டனர். 2013-இல் யுனெஸ்கோ ஸ்தாபனம் குவேவ்ரி முறையைப் பாதுகாக்கத்தக்க கலைகளின் வரிசையில் சேர்த்தது.

இவ்வளவையும் கேட்டு, தாழி ஒன்று புதைத்தால் செல்வம் தானே வருமென்று எண்ணலாகாது. தாழியைச் சுத்தி செய்வது மிகக் கடினமான வேலை. சேரிமரப் பட்டையால் கட்டிய தேய்ப்பானைக் கொண்டு பலமுறை தேய்த்துக் கழுவவேண்டும். பழைய அழுக்குச் சிறிது நின்றாலும் ஒரு வருஷத்து மது முழுவதும் நாறிப்போகும். நுண்ணிய வெடிப்பு விழுந்தால், பூமிக்குள் கசிவது கண்ணுக்குத் தெரியாது. நல்ல தாழி கட்டும் குயவரோ மிகச் சிலர். ககேத்தியில் வர்திசுபானி கிராமம் இதற்குப் பேர்பெற்றது. இவற்றுடன் ஆலங்கட்டியின் உபத்திரவமும் உண்டு. 2012-ஆம் வருஷம் ஜூலை மாதத்தில் அடித்த புயலும் கல்மழையும் ககேத்தியில் பெருஞ்சேதம் விளைத்தன.

2013-இல் ருஷ்யா தன் தடையை நீக்கிற்று. சில வருஷங்களுக்குள் ஜார்ஜிய மதுவை அதிகமாக வாங்கும் தேசம் மீண்டும் அதுவே ஆயிற்று. எடைக்கு விற்கும் பெருந்தோட்டக்காரர் பலர் பழைய வழிக்கே திரும்பினர். விலை தளர்ந்த அறுவடைகளில் ஜார்ஜிய சர்க்கார் மானியம் கொடுத்து அவர்களைத் தாங்கிவந்திருக்கிறது. தாழி மது தேசத்தின் மொத்த உற்பத்தியில் இன்னும் மிகச் சிறு பங்கே. அதைச் செய்வோரில் பலர் தம் வீட்டு மரானியிலேயே வழிப்போக்கருக்கு உணவிட்டு, மண்மூடியைத் திறந்து, அகப்பையால் மொண்டு கொடுத்து, நேரே விலை பெறுகின்றனர்.