மழலைக் கைகளும் மலைவாழையும்

கேக் என்றால் கடைக்கு ஆள் அனுப்புகிறோம்; அடுக்களைக்குள் வரும் பிள்ளையை "தள்ளிப் போ" என விரட்டுகிறோம். இரண்டையும் ஒருநாள் மாற்றிப் பார்ப்போமே!

நம் மண்ணின் பழத்தைக் கேக்கில் சேர்ப்பது புதுமையன்று. 1883-இல் தலைச்சேரியில் மம்பள்ளி பாப்பு, மர்டாக் பிரௌன் என்னும் தோட்ட முதலாளிக்குக் கிறிஸ்துமஸ் கேக் சுட்டபோது, பிராந்திக்கு மாற்றாக முந்திரிப்பழமும் கதலிப்பழமும் சேர்ந்த மதுவை ஊற்றினார் என்பர். நமக்கு மது வேண்டாம். திண்டுக்கல்லில் சிறுமலை வாழைப்பழம் இருக்கிறது.

நன்கு கனிந்த 3 பழங்களைப் பிள்ளையே பிசையட்டும். கட்டி இருந்தால் இருக்கட்டும். நாம் பிடுங்கி மசித்தால் அது நம் கேக்காகிவிடும். சர்க்கரை 100 கிராம், எண்ணெய் 75 மில்லி, முட்டை 2 சேர்த்துக் கலக்கவும். மைதா 150 கிராமை அரைத் தேக்கரண்டி சமையல் சோடாவுடன் சலித்துச் சேர்க்கவும். மாவு சேர்ந்தபின் நெடுநேரம் அடித்தால் கேக் இறுகும். பிள்ளைக்கு இதைச் சொல்வது எளிது, நிறுத்துவது அரிது! பச்சை மாவை நக்க விடலாகாது.

அடுப்பு பெரியோர் பொறுப்பு. குக்கரில் நீரின்றிக் கல்லுப்பைப் பரப்பி, அதன்மேல் தாங்கி வைத்து, ரப்பர் வளையமும் குண்டும் இன்றி மூடி, 10 நிமிடம் சூடேற்றவும். பின் எண்ணெய் தடவிய பாத்திரத்தில் மாவை ஊற்றி உள்ளே வைத்து, சிறுதீயில் 40 நிமிடம் வேகவிடவும். "வெந்துவிட்டதா?" எனப் பிள்ளை பத்து முறை கேட்கும். முதல் அரைமணி நேரம் திறக்கலாகாது. பழத்தின் புளிப்போடு சோடா கூடி எழுப்பும் காற்றுக் குமிழிகள் மாவில் நிலைபெறுமுன் குளிர்ந்தால் நடுப்பகுதி அமுங்கிவிடும். ஈர்க்குச்சியில் மாவு ஒட்டாவிடில் வெந்தது.

ஒருபுறம் சாய்ந்திருப்பினும், முதல் துண்டைப் பிள்ளையே தாத்தாவுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கட்டும்.