செவிக்கு உகந்த குரல்

நூலைக் கையில் எடுத்தால் நாம் நம் விருப்பம்போல் படிக்கிறோம். செய்தித் தலைப்புகளை விரைவாகப் பார்த்துச் செல்கிறோம். கதையை மெல்லச் சுவைக்கிறோம். கடினமான கணக்கை மீண்டும் மீண்டும் நோக்குகிறோம். பார்வையற்றோர் கணினியிலும் கைபேசியிலும் படிக்கும்போது கண்ணின் பணியைச் செவி செய்கிறது. திரையில் உள்ள எழுத்துகளை ஒலியாக மாற்றித் தரும் மென்பொருளுக்குத் திரைவாசிப்பான் என்று பெயர். அதில் நாம் கேட்பது இயந்திரம் உருவாக்கும் செயற்கைக் குரல். எந்தச் செயற்கைக் குரல் சிறந்தது? இவ்வினாவிற்கு எல்லார்க்கும் பொருந்தும் ஒரே விடை இல்லை.

செயற்கைக் குரலை உருவாக்கும் வழிகள் பல. மனிதர் ஒருவரின் பேச்சைப் பதிவு செய்து, சிறு ஒலித்துண்டுகளாகப் பிரித்து, வேண்டிய சொல்லுக்கேற்ப அவற்றை இணைப்பது ஒரு வழி. 1909ஆம் ஆண்டில் பெங்களூருவில் நிறுவப்பட்ட இந்திய அறிவியல் கழகத்தில் இத்துறையில் ஆய்வுகள் நடைபெற்றன. அங்குப் பேராசிரியர் ஏ. ஜி. இராமகிருஷ்ணனும் அவர்தம் குழுவினரும் இவ்வழியில் தமிழ் எழுத்தைப் பேச்சாக்கும் மென்பொருளை உருவாக்கினர். 2001ஆம் ஆண்டின் தமிழ் இணைய மாநாட்டில் அதனை விளக்கினர். அதற்கு அவர்கள் இட்ட பெயர் ‘திருக்குறள்’ என்பதாகும்.

எவருடைய பேச்சையும் துண்டுகளாக இணைக்காமல், தொண்டையும் வாயும் ஒலியை வடிக்கும் முறையைக் கணக்கீடுகளால் அமைப்பது மற்றொரு வழி. இங்கிலாந்தைச் சேர்ந்த ஜோனதன் டடிங்டன் உருவாக்கிய ‘இ-ஸ்பீக்’ இவ்வகையைச் சார்ந்தது. பல மொழிகளைப் பேசும் அதில் தமிழும் உண்டு. ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இளைஞரான மைக்கேல் கரன் 2006ஆம் ஆண்டில் தொடங்கிய ‘என்.வி.டி.ஏ.’ என்னும் திரைவாசிப்பானுடன் இக்குரல் இணைந்தே வருகிறது. இரண்டும் விலையின்றிக் கிடைப்பவை.

இ-ஸ்பீக்கின் குரலை முதன்முறை கேட்பவர், “இஃது இயந்திரம் போல் ஒலிக்கிறதே!” என்பார். ஆயினும், பார்வையற்றோர் பலர் அதையே விரும்பித் தேர்ந்தெடுக்கின்றனர். ஏன்? ஆங்கிலத்தில் ஒருவர் இயல்பாகப் பேசும்போது நிமிடத்திற்கு ஏறத்தாழ 150 சொற்கள் பேசுவார். திரைவாசிப்பானில் நன்கு பழகியவர்கள் அதைப்போல் இருமடங்கு, மும்மடங்கு விரைவிலும் கேட்டுப் புரிந்துகொள்வர். அவ்வளவு விரைவில் மனிதக் குரல் போன்ற ஒலி சில வேளைகளில் குழைந்துவிடும்; இயந்திரத் தன்மையுள்ள குரலோ தெளிவாக நிற்கும். விசையை அழுத்திய நொடியிலேயே அது விடையும் தரும். நாள் முழுவதும் கணினியில் பணிபுரிபவருக்கு இனிமையைவிட இவையே முதன்மையானவை.

அவரே இரவில் ஒரு நாவலைக் கேட்க அமர்ந்தால் மென்மையான, ஏற்ற இறக்கமுள்ள குரலை நாடலாம். மின்னஞ்சலுக்கு ஒரு குரல், கதைக்கு ஒரு குரல் என மாற்றிக்கொள்வோரும் உள்ளனர். சிலர் பெண்குரலையும் சிலர் ஆண்குரலையும் விரும்புவர். பழகிய குரலை விட மனம் வராதவரும் உண்டு.

குரலின் மீது ஏற்படும் இப்பற்றுக்கு அறிவியலறிஞர் ஸ்டீபன் ஹாக்கிங் ஒரு சான்று. அவர் பார்வையற்றவர் அல்லர்; 1985ஆம் ஆண்டில் பேசும் திறனை இழந்து, செயற்கைக் குரலின் வழியே பேசியவர். பின்னாளில் அதனினும் இயல்பான குரல்கள் வந்தபோதும் அவர் பழைய குரலை மாற்றவில்லை. அதையே தம் குரலாக ஏற்றுக்கொண்டார்.

தமிழைப் பேச இயந்திரத்தைப் பழக்குவது எளிதன்று. நம் நகரின் பெயரையே எடுத்துக்கொள்வோம். ‘பெண்’, ‘பெங்களூரு’ ஆகிய இரு சொற்களும் தமிழில் ஒரே எழுத்தில்தான் தொடங்குகின்றன. ஆனால், ஒலிப்பு வேறு. ‘காந்தள்’, ‘காந்தி’ ஆகியவையும் அவ்வாறே. கன்னடத்தில் இவ்வொலிகளுக்குத் தனித்தனி எழுத்துகள் உள்ளன. தமிழ் படிப்பவரோ சொல்லை அறிந்து ஒலிக்கிறார். இயந்திரத்திற்கும் இதைக் கற்பித்தாக வேண்டும். லகர, ழகர, ளகர வேறுபாடும் தெளிவாக ஒலிக்க வேண்டும். இல்லையேல் ‘வலி’, ‘வழி’, ‘வளி’ ஆகிய மூன்றும் ஒன்றாகிவிடும்.

ஆங்கிலத்தில் தேர்ந்தெடுக்கக் கிடைக்கும் குரல்கள் மிகப் பல. தமிழில் அவை குறைவு. கிடைக்கும் குரல் தமக்கு ஒத்துவராவிட்டால் ஒருவர் தமிழ் படிப்பதையே குறைத்துக்கொள்ள நேரும். அல்லது, தம் கடிதத்தையும் பிறரைக் கொண்டு படிக்கச் செய்ய நேரும். ஆகவே, குரலைத் தேர்ந்தெடுப்பது வெறும் அழகுணர்ச்சி பற்றியது அன்று. தாம் விரும்பியதை, தாம் விரும்பும் வேகத்தில், எவர் துணையுமின்றிப் படிக்கும் உரிமை அதில் அடங்கியுள்ளது.

நம் பங்கும் இதில் உண்டு. வகுப்புத் தோழர்க்கு வீட்டுப்பாடத்தை அனுப்பும்போது கையெழுத்தைப் படம் எடுத்து அனுப்புவதைவிடத் தட்டச்சு செய்து அனுப்பலாம். படத்திலுள்ள கையெழுத்தைத் திரைவாசிப்பான் பெரும்பாலும் சரியாகப் படிப்பதில்லை. பிழையின்றி எழுதுவதும் நம் கடமை. பிழையாக எழுதினால் பிழையாகவே அது ஒலிக்கும். பார்வையற்ற நண்பர் கேட்கும் குரல் நமக்கு விந்தையாகத் தோன்றினாலும் அதை மாற்றச் சொல்லுதல் வேண்டா. அது அவர் செவிக்கு உகந்த குரல்.

சொற்பொருள்
உகந்த – ஏற்ற
குழைந்து – தெளிவின்றிக் கலந்து
வளி – காற்று
விந்தை – வியப்பு

பயிற்சி
1. செயற்கைக் குரலை உருவாக்கும் இரு வழிகள் யாவை?
2. இயந்திரத் தன்மையுள்ள குரலைச் சிலர் விரும்புவது ஏன்?
3. ‘வலி’, ‘வழி’, ‘வளி’ ஆகிய சொற்களை வாய்விட்டுப் படித்து, ஒவ்வொன்றையும் தொடரில் அமைத்து எழுதுக.
4. தமிழில் ஒரே எழுத்தில் தொடங்கினும் வேறாக ஒலிக்கும் இரு சொற்களைக் கண்டு எழுதுக.