கப் மேட்ச் என்றால் கொச்சி ரசிகருக்கு ஏன் தூக்கம் வராது?

இடப்பள்ளியில் மெட்ரோ ஏறினால் மூன்றாவது ஸ்டேஷன், கலூர் ஸ்டேடியம். மேட்ச் நடக்கும் நாளில் ஏறிப் பாருங்கள், பெட்டி முழுக்க மஞ்சள் ஜெர்சிதான்.

கேரளா பிளாஸ்டர்ஸ் அணி ஐ.எஸ்.எல். ஃபைனலுக்கு 2014, 2016, 2022 என மூன்று முறை போனது, மூன்றிலும் தோல்வி. 2016-இல் இதே ஸ்டேடியத்தில், பெனால்டி ஷூட்அவுட்டில்!

அப்புறம் எதுக்கு இந்த நம்பிக்கை? லீக் மாதக்கணக்கில் இழுக்கும். டூரண்ட், சூப்பர் கப் போன்ற போட்டிகளில் ஐந்தாறு மேட்ச் ஜெயித்தாலே கோப்பை. ஆனால் நாக்அவுட்டில் ஒருமுறை சறுக்கினால், கதை முடிந்தது.

கொச்சிக்கு இந்த ருசி தெரியும்: 1997-இல் எஃப்.சி. கொச்சின் டூரண்ட் கோப்பையை வென்றது. அந்த கிளப் இன்று இல்லை. ஆசை மட்டும் போகவில்லை.

அடுத்த கப் மேட்ச் அன்று உங்கள் கொச்சி நண்பர் லீவு போட்டால், காரணம் கேட்காதீங்க.