'மழை பெய்ய சான்ஸ்', 'மேட்ச் ஆட சான்ஸ்': தமிழில் ஒன்று, ஆங்கிலத்தில் மட்டும் ஏன் இரண்டு?

"இன்னிக்கு மழை பெய்ய சான்ஸ் இருக்கா?" புரட்டாசி பிறந்துவிட்டால் கோவில்பட்டி வட்டாரத்தில் டீக்கடை முதல் வாட்ஸ்அப் குரூப் வரை சுற்றிவரும் கேள்வி இது. உளுந்து, பாசி, கம்பு, மக்காச்சோளம், பருத்தி என்று கரிசல் காட்டில் விதைப்பவை பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழையை நம்பித்தான்.

அதே ஊரில் இன்னொரு வாக்கியமும் சகஜம்: "தம்பிக்கு ஸ்டேட் டீம்ல ஆட சான்ஸ் கிடைச்சிருக்கு." கோவில்பட்டி, ஹாக்கிக்குப் பேர்போன ஊர். அந்த ஊர்க்காரரான மாரீஸ்வரன் சக்திவேல், 2022-ல் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பையில் இந்திய அணிக்காக ஆடினார்.

இரண்டு வாக்கியத்திலும் 'சான்ஸ்' என்ற ஒரே ஆங்கிலச் சொல். அதற்கு முன்னால் 'பெய்ய', 'ஆட' என்று ஒரே வகை வினைச்சொல். ஆனால் இவற்றை ஆங்கிலத்தில் எழுதும்போது 'சான்ஸ் டு பிளே' சரி. 'சான்ஸ் டு ரெயின்' தப்பு. ஏன்?

ஒரே சான்ஸ், இரண்டு அர்த்தம்

நம் பேச்சில் 'சான்ஸ்' இரண்டு வேலை பார்க்கிறது. ஒன்று, ஒருவருக்குக் கிடைக்கும் வாய்ப்பு. இன்னொன்று, ஒரு விஷயம் நடக்கக்கூடிய சாத்தியம். தமிழில் 'வாய்ப்பு' என்ற சொல்லும் இப்படித்தான். 'இந்திய அணியில் ஆட வாய்ப்பு', 'தென் மாவட்டங்களில் மழை பெய்ய வாய்ப்பு' என்று இரண்டு தலைப்புகளையும் ஒரே நாள் பேப்பரில் பார்க்கலாம்.

ஆங்கிலத்திலும் 'சான்ஸ்' என்ற சொல்லுக்கு இந்த இரண்டு அர்த்தமும் உண்டு. ஆனால் எது எந்த அர்த்தம் என்பதை, அடுத்து வரும் சின்னச் சொல் காட்டிவிடும். வாய்ப்பு என்றால் 'டு' போட்டு வினைச்சொல். சாத்தியம் என்றால் 'ஆஃப்'. 'சான்ஸ் டு வின்' என்றால் ஜெயிக்க ஒரு வாய்ப்பு கையில் இருக்கிறது. 'சான்ஸ் ஆஃப் வின்னிங்' என்றால் ஜெயிப்பதற்கு எத்தனை சதவீதம் சாத்தியம் என்ற கணக்கு. ஃபோனில் இருக்கும் வெதர் ஆப்பைத் திறந்து பாருங்கள். 'சான்ஸ் ஆஃப் ரெயின் 60%' என்றுதான் இருக்கும். மழைக்கு யாரும் வாய்ப்பு கொடுப்பதில்லையே!

இது வெறும் இலக்கண நுணுக்கம் இல்லை. கஸ்டமருக்கு மெயில் எழுதும் ஒருவர், "ஷிப்மென்ட் லேட் ஆக சான்ஸ் இருக்கு" என்று மனதில் நினைத்து, 'வீ ஹேவ் எ சான்ஸ் டு டிலே தி ஷிப்மென்ட்' என்று அனுப்பினால் என்ன ஆகும்? எதிர்முனையில் இருப்பவர், "சரக்கைத் தாமதப்படுத்த எங்களுக்கு ஒரு நல்ல வாய்ப்பு கிடைத்திருக்கிறது" என்று படிப்பார். எச்சரிக்கை போக வேண்டிய இடத்தில் ஏதோ திட்டம் போய்ச் சேருகிறது.

தமிழில் ஏன் இந்தச் சிக்கல் இல்லை?

பள்ளியில் படித்த வினையெச்சம், பெயரெச்சம் ஞாபகம் இருக்கிறதா? வினையைக் கொண்டு முடிவது வினையெச்சம். பெயரைக் கொண்டு முடிவது பெயரெச்சம். 'பெய்ய', 'ஆட', 'பேச' எல்லாம் வினையெச்சங்கள். இலக்கணத்தில் இவற்றை 'செய' என்னும் வாய்பாடு என்பார்கள். 'செய', 'செயற்கு' இரண்டுமே தொல்காப்பியம் தரும் வினையெச்ச வாய்பாட்டுப் பட்டியலில் இருக்கின்றன. இன்று நாம் 'போக', 'போறதுக்கு' என்று சொல்லும் இரண்டின் மூத்த உறவுகள் இவை.

"மழை பெய்ய சான்ஸ் இருக்கு" என்பதில் 'பெய்ய' போய் முடிவது 'இருக்கு' என்ற வினையில். "ஆட சான்ஸ் கிடைச்சிருக்கு" என்பதில் 'கிடைச்சிருக்கு'. நடுவில் உட்கார்ந்திருக்கும் சான்ஸ் எந்த நிபந்தனையும் போடுவதில்லை. பேப்பர் தலைப்பில் கடைசி வினையை வெட்டிவிட்டாலும், 'உள்ளது' என்பதை நாமே மனதில் நிரப்பிக்கொள்கிறோம்.

அதனால்தான் எந்த ஆங்கிலப் பெயர்ச்சொல்லைக் கொண்டுவந்து வைத்தாலும் தமிழ் ஏற்றுக்கொள்கிறது. "பேச டைம் இல்ல", "வண்டி வாங்க பிளான் இருக்கு", "கடை வைக்க பர்மிஷன் வாங்கணும்", "அங்க வேலை செய்ய இன்ட்ரஸ்ட் இல்ல", "வீடு தேட டிஃபிகல்டியா இருக்கு". ஐந்திலும் வினைச்சொல்லின் வடிவம் ஒன்றே. தமிழாக இந்த ஐந்தும் சரியான வாக்கியங்கள்.

ஆங்கிலத்தில் முடிவெடுப்பது பெயர்ச்சொல்

ஆங்கிலத்தில் 'டு' சேர்ந்த வினை, பெயர்ச்சொல்லுக்குப் பின்னால் நேராக ஒட்டுகிறது. ஒட்டவிடலாமா கூடாதா என்பதை அந்தப் பெயர்ச்சொல்தான் தீர்மானிக்கும். மேலே சொன்ன ஐந்தையே எடுத்துக்கொள்வோம். டைம், பிளான், பர்மிஷன் மூன்றும் 'டு' ஏற்கும்: 'டைம் டு டாக்', 'பிளான் டு பை', 'பர்மிஷன் டு ஓப்பன்'. ஆனால் வேலையில் ஆர்வம் என்றால் 'இன்ட்ரஸ்ட் இன் ஒர்க்கிங்'. 'டிஃபிகல்டி' என்றாலும் 'டிஃபிகல்டி இன் ஃபைண்டிங்'.

வேலை விண்ணப்பங்களில் அடிக்கடி வருவது 'ஐ ஹேவ் இன்ட்ரஸ்ட் டு ஜாயின்'. எழுதியவரின் சிந்தனையில் குறை ஒன்றும் இல்லை. 'சேர' என்ற வினையெச்சம் அப்படியே 'டு ஜாயின்' ஆகிவிட்டது, அவ்வளவுதான். ஆனால் படிக்கும் எச்.ஆர். அதிகாரிக்கு அந்தக் கதை தெரியாது.

குறுக்கு வழி உண்டா?

ஓரளவு உண்டு. பெயர்ச்சொல் எந்தக் குடும்பத்திலிருந்து வந்தது என்று பாருங்கள். 'டு' ஏற்கும் வினையிலிருந்து பிறந்த பெயர்கள் பல, அந்தக் குணத்தைக் கூடவே கொண்டுவரும். 'டிசைட் டு' என்பதால் 'டிசிஷன் டு'. 'ரெஃப்யூஸ் டு' என்பதால் 'ரெஃப்யூசல் டு'. விலக்குகளும் உண்டு: 'ப்ரிஃபர் டு' சரி, ஆனால் பெயர்ச்சொல் 'ப்ரிஃபரன்ஸ் ஃபார்'.

பண்பைச் சொல்லும் சொற்களில் இன்னும் சுவாரசியமான ஒரு கோடு இருக்கிறது. ஒரு ஆளின் திறமை, மனநிலையைச் சொல்பவை 'டு'வைத் தக்கவைத்துக்கொள்கின்றன: 'எபிலிட்டி டு', 'வில்லிங்னெஸ் டு', 'ரெடினெஸ் டு'. செயல் எப்படிப்பட்டது என்று மதிப்பிடுபவை அதை விட்டுவிடுகின்றன. 'பாசிபிள் டு' சரி, ஆனால் 'பாசிபிலிட்டி ஆஃப்'. 'இம்பார்ட்டன்ட் டு' சரி, ஆனால் 'இம்பார்ட்டன்ஸ் ஆஃப்'. மொழியியலாளர் நோம் சாம்ஸ்கி 1970-ல் வெளியான ஒரு புகழ்பெற்ற கட்டுரையில் இதுபோன்ற வேறுபாட்டை அலசினார். 'ஈகர்னெஸ் டு ப்ளீஸ்' என்று ஆங்கிலத்தில் சொல்லலாம். 'ஈஸினெஸ் டு ப்ளீஸ்' என்று சொல்ல முடியாது.

சில சொற்கள் தாராளம் காட்டும். 'வே டு டூ', 'வே ஆஃப் டூயிங்' இரண்டும் புழக்கத்தில் உண்டு. 'இன்டென்ஷன்' கூட 'டு', 'ஆஃப்' இரண்டையும் ஏற்கும்.

ஆள் மாறாட்டம் செய்யும் 'டு'

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் ஆங்கிலப் பெயர் 'ரைட் டு இன்ஃபர்மேஷன்'. வாக்குரிமை 'ரைட் டு வோட்'. இரண்டிலும் 'டு' இருந்தாலும் இரண்டும் ஒன்றல்ல. முதலாவதில் அது நம் 'கு' உருபு மாதிரி, ஒரு பெயருக்கு முன்னால் நிற்கிறது. இரண்டாவதில் அது வினைச்சொல்லின் துணை. 'அப்ரோச் டு', 'ஆப்ஜெக்‌ஷன் டு' போன்றவை முதல் வகை. அதனால் அங்கே 'டு சால்வ்' என்று போடாமல் 'டு சால்விங்' என்று எழுத வேண்டும்.

எப்படிச் செக் பண்ணுவது?

இங்கிலாந்தைச் சேர்ந்த ஏ.எஸ். ஹார்ன்பி ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்தபோது, மாணவர்களுக்கு அர்த்தம் மட்டும் போதாது, ஒரு சொல்லுக்குப் பின்னால் என்ன வரும் என்பதும் தெரிய வேண்டும் என்று புரிந்துகொண்டார். அவர் உருவாக்கிய அகராதி 1942-ல் டோக்கியோவில் வெளியானது. அதுதான் இன்றைய ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்டு லேனர்ஸ் டிக்‌ஷனரிக்கு மூலம். 1987-ல் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ஜான் சின்க்ளேர் தலைமையிலான குழு, மக்கள் உண்மையில் எழுதிய, பேசிய ஆங்கிலத்தைக் கம்ப்யூட்டரில் திரட்டி 'கோபில்ட்' அகராதியைக் கொண்டுவந்தது.

எனவே ஃபோனில் தேடும்போது சொல்லுக்கு அர்த்தம் மட்டும் பார்த்துவிட்டு மூடாதீர்கள். கற்பவர்களுக்கான அகராதியில் அந்தப் பெயர்ச்சொல்லுக்குப் பக்கத்தில் 'டு டூ சம்திங்' என்று இருக்கிறதா, 'ஆஃப்' அல்லது 'இன்' இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு பெயர்ச்சொல்லைத் தனியாக மனப்பாடம் செய்யாமல், பின்னால் வரும் சொல்லோடு சேர்த்தே பழகுங்கள்.

அனுப்பும் முன் மெயிலில் 'சான்ஸ் டு' என்று எழுதியிருந்தால், அங்கே ஒருவருக்கு வாய்ப்பு கிடைக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கிடைக்கிறது என்றால் அப்படியே விடலாம். மழை, தாமதம், நஷ்டம் மாதிரி தானாக நடப்பது என்றால் 'ஆஃப்' போடுங்கள். டீக்கடையில் மட்டும் வழக்கம்போல "மழை பெய்ய சான்ஸ் இருக்கா?" என்றே கேளுங்கள், அந்த வாக்கியத்தில் திருத்த எதுவும் இல்லை.