மோட்டாருக்கு ஜுரம்

சித்திரை, வைகாசி மாதங்களில் நாகர்கோவிலிலிருந்து எந்தத் திசையில் புறப்பட்டாலும், சாலையோரத்துப் புளிய மரத்தடியில் பானட்டைத் தூக்கிக்கொண்டு ஆவி கக்கி நிற்கும் பழைய அம்பாஸிடர் ஒன்று நமக்குத் தரிசனம் அளிப்பதுண்டு. வங்காளத்து உத்தரபாராவில் அந்த வண்டி செய்வது 2014-ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று. பம்பாயில் பிறந்த பத்மினி அதற்கும் முன்பே மறைந்துவிட்டது. எனினும், தகப்பனார் காலத்துச் சொத்தென்று இவற்றை முற்றத்தில் வைத்துப் போற்றிவரும் குடும்பங்கள் நம் பக்கத்தில் இன்னும் உண்டு. அவர்களை உத்தேசித்தே இதை எழுதுகிறோம்.

வண்டி கொதித்ததும் நம்மவர் வழக்கமாகச் செய்வது, அண்டைவீட்டுக் கிணற்றிலிருந்து ஒரு வாளித் தண்ணீர் ஊற்றுவது. மறுபடியும் கொதித்தால் தெர்மாஸ்டாட்டைப் பிடுங்கி எறிவது. அதன் பிறகும் கொதித்தால் வண்டியை விற்றுவிடலாமா என்று இரவெல்லாம் யோசிப்பது. ஜுரம் என்பது வியாதியின் அறிகுறி. மலேரியாவிலும் ஜுரம், டைபாய்டிலும் ஜுரம். இரண்டுக்கும் ஒரே கஷாயம் கொடுக்கும் வைத்தியரிடம் நாம் போவோமா?

பெட்ரோல் எரிந்து பிறக்கும் உஷ்ணத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைத் தண்ணீர் சுமந்து சென்று ரேடியேட்டரில் இறக்கிவிட வேண்டும். தண்ணீரைத் தள்ளப் பம்பு, காற்றை இழுக்க விசிறி. இரண்டையும், கூடவே டைனமோவையும், அம்பாஸிடரில் ஒரே பெல்ட்டுத்தான் சுழற்றுகிறது. தெர்மாஸ்டாட் வாயிற்காப்போன்; யந்திரம் சூடேறும் வரையில் வழியை அடைத்து நின்று, சுமார் 80 டிகிரி சென்டிகிரேடில் கதவைத் திறப்பான்.

ரேடியேட்டர் மூடியைப் பற்றி நம் வீட்டுப் பெண்மணிகளுக்குச் சொல்லவே வேண்டாம். அது பிரஷர் குக்கரின் மூடிதான். சதுர அங்குலத்துக்கு 7 ராத்தல் அழுத்தத்தைத் தாங்கும் மூடியானால், 100 டிகிரியில் கொதிக்க வேண்டிய தண்ணீர் 111 டிகிரி வரையில் பொறுத்திருக்கும். மூடியின் ரப்பர் வளையம் இற்றுப்போனாலோ அந்தப் பொறுமையும் போய்விடும். சொற்ப விலையுள்ள இந்த மூடியை மாற்றாமல் ரேடியேட்டரையே கழற்றி விற்பனைக்குப் போட்டவர்களும் உண்டு!

அடுக்களையில் ஆவி அடங்கும் முன் குக்கரைத் திறக்காத குடும்பத்தினர், சாலையில் மாத்திரம் இந்த மூடியைத் திருகப் பாய்வது ஏனோ தெரியவில்லை. அழுத்தம் நீங்கிய கணத்தில் தண்ணீர் ஆவியாகிப் பீறிட்டு முகத்தையும் கையையும் வெந்து போகச் செய்துவிடும். மேல் ஹோஸைக் கையால் தாராளமாகப் பிடிக்க முடிகிற வரையில் காத்திருந்து, கனத்த துணியைப் போட்டு, முதல் தடை வரை மட்டும் திருப்பி ஆவியை வெளியேற்றிய பிறகே திறக்க வேண்டும். சுட்டுக் கிடக்கும் யந்திரத்தில் குளிர்ந்த தண்ணீரைக் கொட்டுவதும் ஆகாது. ஹெட் என்ற இரும்புத் தலை வெடித்தால் செலவு எங்கே போய் முடியுமோ!

இனி, நோய் கண்டறிவது. முதல் கேள்வி, எங்கே கொதித்தது என்பதுதான். தக்கலைக் கடைவீதியில் ஊர்ந்து போகும்போது கொதித்து, வெட்டவெளிக்கு வந்ததும் முள் இறங்கினால், விசிறியைச் சந்தேகிக்க வேண்டும். பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். அரை அங்குலத்துக்கு மேல் நன்றாகத் தொய்ந்தால் அதுவே குற்றவாளி. அறுந்தே போயிருந்தால் டைனமோவின் சிவப்பு விளக்கும் எரியும். இதற்கு மாறாக, ஊருக்குள் சாதுவாயிருந்த வண்டி நெடுஞ்சாலையில் வேகம் பிடித்ததும் கொதித்தால், ரேடியேட்டர் குழல்களில் அடைப்பு இருக்கலாம். அல்லது கீழ் ஹோஸ் தளர்ந்து, பம்பு இழுக்கும் இழுப்பில் சப்பையாகி வழியை மூடலாம்.

நம் நாட்டுக்கே உரிய ஒரு விசேஷத்தையும் சொல்லிவிடுகிறோம். ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாயில் மேற்கேயிருந்து காற்று வாரியடிக்கிறதல்லவா? அப்போது காவல்கிணற்றை நோக்கிப் போகிறவர்களுக்குக் காற்று முதுகுப்புறம் வீசும். வண்டி போகும் வேகத்தில் ரேடியேட்டருக்குள் நுழைய வேண்டிய காற்று அந்த அளவு குறைந்துவிடும். போகும்போது முள் ஏறித் திரும்பும்போது இறங்கினால் பயப்பட வேண்டியதில்லை.

தண்ணீர் அடிக்கடி குறைந்தால் கசிவைத் தேட வேண்டும். பம்பின் அடியில் ஒரு சிறு துவாரம் உண்டு. அதில் ஈரம் தென்பட்டால் பம்பின் சீல் தேய்ந்தது என்று பொருள். வெளியே எங்கும் ஈரமில்லை, தண்ணீர் மட்டும் மாயமாகிறது, எண்ணெய் மூடியின் உட்புறம் வெண்ணெய் போல் படிந்திருக்கிறது, யந்திரம் ஓடும்போது ரேடியேட்டரில் ஓயாமல் குமிழி கிளம்புகிறது என்றால் ஹெட் கேஸ்கட் போயிற்று. பிறகு ஒரு பர்லாங்கு கூட ஓட்டாமல் தேர்ந்த மெக்கானிக்கை அழைத்துவர வேண்டியதுதான்.

உப்புக் கிணற்று நீரை வருஷக்கணக்காக ஊற்றினால், வெந்நீர் அண்டாவில் படிவது போன்ற சுண்ணப் படிவு உள்ளே ஏறி உஷ்ணத்தை வெளியே விடாது. காய்ச்சி வடித்த நீரும் கூலண்டும் சரிபாதி கலந்து விடுவதே நலம். நமக்குப் பனி உறையும் பயமில்லை. துரு பிடிக்காமலிருக்கவே அது வேண்டும். கூலண்ட் தித்திக்கும் விஷம். குழந்தைகளுக்கும் நாய்க்கும் எட்டாத இடத்தில் வையுங்கள்.

தெர்மாஸ்டாட்டைப் பிடுங்கி எறியுமுன், ஒரு பாத்திரத்துத் தண்ணீரில் நூலில் கட்டித் தொங்கவிட்டுச் சூடேற்றிப் பாருங்கள். பள்ளிக்கூடப் பையனும் தெர்மாமீட்டர் பிடித்து உதவலாம். மேலே பொறித்துள்ள டிகிரியில் திறந்தால் அது நிரபராதி. தெர்மாஸ்டாட் இல்லாத யந்திரம் உரிய சூடு ஏறாமல் பெட்ரோலை விழுங்கும்; சீக்கிரம் தேய்ந்தும் போகும்.

கடைசியாக ஹீட்டர். நாஞ்சில் நாட்டில் அது எதற்கு என்று நேயர்கள் சிரிக்கலாம். மார்கழியில் கொடைக்கானல் போகிறவர்கள் சிரிக்க மாட்டார்கள். ஹீட்டர் ஒரு சின்ன ரேடியேட்டர். அது சூடாகாவிட்டால் முதலில் தண்ணீர் மட்டத்தைப் பாருங்கள். குழாயில் காற்று அடைத்துக்கொண்டிருக்கலாம். அதன் இரு ஹோஸ்களில் ஒன்று சுட்டு மற்றொன்று குளிர்ந்திருந்தால் உள்ளே அடைப்பு. கால்விரிப்பு நனைந்து தித்திப்பு வாடை வந்தால் ஓட்டை. வத்தலக்குண்டைத் தாண்டி மலை ஏறுகையில் முள் சிவப்பை நெருங்கினால், ஹீட்டரை முழுவதும் திறந்து அதன் விசிறியைப் போடுங்கள். உள்ளே அடுப்பங்கரை போலாகும்; பின்னால் இருப்பவர்கள் முணுமுணுப்பார்கள். ஆனாலும் முள் சற்று இறங்கும். அதற்குள் நிழலான ஓரிடம் பார்த்து நிறுத்திவிடலாம்.