காணாத வாயுவை அளக்கும் வழி

நெல்லைப் புசலால் அளக்கின்றோம். அரிசியைக் கொத்தால் அளக்கின்றோம். பாலைப் போத்தலால் அளக்கின்றோம். கண்ணுக்குத் தோன்றாததும் கையிற் பிடிபடாததுமாகிய வாயுவை எதனால் அளப்பது? ஓமந்தைப் பகுதியிலே நாலைந்து மாடுகளைக் கட்டி வளர்க்கும் கமக்காரர் ஒருவருக்கு இக்கேள்வி வெறும் பாடசாலைக் கேள்வியன்று. 2022ஆம் ஆண்டிலே சமையல் வாயுச் சிலிண்டருக்காக நாடெங்கும் மக்கள் வரிசையில் நின்றதை எவரும் மறந்திருக்கமாட்டார். பட்டியில் விழும் சாணம் வீட்டு அடுப்பை எரிக்குமா, எரிக்குமாயின் எத்தனை மணித்தியாலம் எரிக்கும் என்பதை அறிய வேண்டுமானால், வாயுவை அளந்தே ஆகவேண்டும்.

முதலில் ஒன்றைத் தெளிந்துகொள்ள வேண்டும். குளத்தில் எவ்வளவு நீர் நிற்கின்றது என்பது ஒன்று. துருசின் வழியே மணித்தியாலத்துக்கு எவ்வளவு நீர் பாய்கின்றது என்பது மற்றொன்று. பின்னையதே ஓட்டவீதம். வாயுவுக்கும் இதுவே முறை. ஒரு கனவளவு வாயு வந்து சேர எடுத்த நேரத்தைக் கண்டு, கனவளவை நேரத்தால் வகுத்தால் ஓட்டவீதம் கிடைக்கும்.

சாணவாயுக் கலங்களுள் ஒருவகை, இந்தியாவிலே பரவிய மிதக்கும் தொட்டிக் கலமாகும். சாணக்கரைசலின் மேல் கவிழ்த்துவைத்த இரும்புத்தொட்டி, வாயு சேரச்சேர மேலெழும். வாயு செலவாகத் தாழும். இத்தொட்டியே வீட்டிலமைந்த சிறந்த அளவுகருவி. அதன் விட்டம் 120 சதமமீற்றராயின், 10 சதமமீற்றர் எழுச்சி 113 லீற்றரைக் குறிக்கும். அடுப்பை மூடிவைத்த 6 மணித்தியாலத்தில் தொட்டி 30 சதமமீற்றர் எழுந்தது என்று கொள்வோம். சேர்ந்த வாயு 339 லீற்றர். அஃதாவது மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய 56 லீற்றர். நாளொன்றுக்குச் சுமார் 1,350 லீற்றர். இனி, அடுப்பை அரைமணி நேரம் எரிக்கும்போது தொட்டி 16 சதமமீற்றர் தாழ்ந்தால், செலவு 181 லீற்றர். அவ்வேளையிற் புதிதாக ஊறிய 28 லீற்றரையும் கூட்டினால் 209. எனவே அடுப்பின் தேவை மணித்தியாலத்துக்கு 420 லீற்றர் அளவில் நிற்கும். அன்றாட வாயு மூன்று மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூடுதலாக எரியும் என்பது இதனாற் பெறப்படும். ஓர் அளவுகோலும் ஒரு கடிகாரமுமே இங்கு வேண்டிய கருவிகள்.

மண்ணுக்கடியிற் செங்கல்லாற் கட்டிய குவிமாடக் கலத்தில் எழுந்து தாழும் தொட்டி இல்லை. அங்கே குழாய் வழியே வரும் ஓட்டத்தை அறிய வேறொரு வழியுண்டு. பக்கத்தில் 15 லீற்றர் அளவு குறித்த, ஒளி ஊடுருவும் கான் ஒன்றை நீரால் நிரப்பி, நீர்த்தொட்டியிற் கவிழ்த்து, அதன் வாய்க்குள் வாயுக்குழாயைச் செலுத்த வேண்டும். வாயு புகப்புக நீர் வெளியேறும். 15 லீற்றர் சேர 3 நிமிடமானால், ஓட்டம் மணித்தியாலத்துக்கு 300 லீற்றர். உள்ளும் புறமும் நீர்மட்டம் ஒன்றாக நிற்கும்படி கானைப் பிடித்தே வாசிக்க வேண்டும். அன்றேல் அமுக்கம் வேறுபட்டு அளவு பிழைக்கும். சாணவாயுவில் மெதேனுடன் கலந்திருக்கும் காபனீரொட்சைட்டு நீரிற் கரையும். நீரில் உப்பைக் கலந்தால் அக்குறை தணியும். இதனைத் திறந்தவெளியிலே, தீயும் விளக்கும் அணுகாத இடத்திலே செய்தல் வேண்டும்.

கடையில் விற்கும் மானிகளும் இவற்றின் வழிவந்தவையே. ஒருவகை மானியில் இரண்டு பைகள் மாறிமாறி நிரம்பி ஒழிய, அத்தடவைகளைப் பற்சில்லுகள் எண்ணிக் காட்டும். இன்னொன்று, வைத்தியசாலையில் ஒட்சிசன் பெறும் நோயாளியின் அருகே பலரும் கண்டது: மேனோக்கி அகலும் கண்ணாடிக்குழாயினுள் சிறு குண்டொன்று மிதந்து, நிமிடத்துக்கு எத்தனை லீற்றர் என்று காட்டும். ரொட்டாமீற்றர் எனப்படும் இவ்வகைக் கருவியை 1908இல் ஜேர்மனியின் ஆகன் நகரிலே கார்ல் குப்பர்ஸ் என்பவர் ஆக்கினார். இது செங்குத்தாக நிற்றல் வேண்டும். ஒரு வாயுவுக்கென அளவிட்ட மானி, பாரம் வேறுபட்ட மற்றொரு வாயுவுக்கு மெய் சொல்லாது. வளிக்கென அமைந்த மானியில் தூய மெதேனைச் செலுத்தி 10 என்று வாசித்தால், உண்மையில் ஓடுவது 13க்கும் மேலாகும். சாணவாயுவின் ஈரமும் அதிலுள்ள ஐதரசன் சல்பைட்டும் உலோக மானிகளை அரிக்கும் என்பதையும் நினைவிற் கொள்ளவேண்டும்.

வன்னி வெயிலும் அளவைக் கெடுக்க வல்லது. காலையில் 27 பாகை செல்சியசில் இருந்த வாயு நண்பகலில் 42 பாகையை அடைந்தால், புதிதாக ஒன்றும் ஊறாமலே அதன் கனவளவு நூற்றுக்கு 5 கூடிவிடும். ஆதலால் நாள்தோறும் ஒரே நேரத்தில், வெயில் ஏறுமுன் அளப்பது நன்று.

விலைகொடுத்து வாங்கிய மானியாயினும் வீட்டிற் செய்த மானியாயினும், ஒன்றை மற்றொன்றால் ஒத்துப்பார்த்த பின்னரே நம்பத்தகும். தொட்டி 113 லீற்றர் தாழ்ந்திருக்க, அடுப்பருகே உள்ள மானி 90 லீற்றரையே காட்டினால், மானியில் பிழை உண்டு. அல்லது குழாயில் ஒழுக்கு உண்டு. மூட்டுகளிற் சவர்க்கார நீரைப் பூசினால் குமிழிகள் ஒழுக்கைக் காட்டிக்கொடுக்கும். குடும்பத்தின் உயிரையே காக்கக்கூடிய அந்த எச்சரிக்கை, அளந்து பார்ப்பவருக்கே கிடைக்கும்.