ஆயிரம் ரூபாயும் எட்டு லட்சமும்

குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் சேர அப்துல் கலாமுக்கு ஏறத்தாழ ஆயிரம் ரூபாய் தேவைப்பட்டது. 1950களின் நடுப்பகுதி அது. ராமேஸ்வரத்திலிருந்த தந்தையால் அவ்வளவு பணம் புரட்ட முடியவில்லை. அக்கா ஜோஹரா தன் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார். அந்த நகையைத் தன் சம்பாத்தியத்தில் மீட்டுத் தர வேண்டும் என்று அன்றே உறுதி எடுத்துக்கொண்டதாகக் கலாம் 'அக்னிச் சிறகுகள்' நூலில் எழுதியிருக்கிறார்.

அப்போது அவர் கையில் ஏற்கெனவே ஒரு பட்டம் இருந்தது. 1954இல் திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல் முடித்திருந்தார். பட்டம் பெற்ற பிறகுதான், தான் எண்ணிய இடத்துக்குப் போக இயற்பியல் மட்டும் போதாது, பொறியியலும் வேண்டும் என்பது அவருக்குப் பிடிபட்டது. அந்த நிலையிலிருந்த ஒருவருக்கு எம்.ஐ.டி. பொருத்தமான இடம். 1949இல் சி. ராஜம் தன் வீட்டை விற்றுத் தொடங்கிய அந்த நிறுவனம், பி.எஸ்.சி. முடித்தவர்களைச் சேர்த்துக்கொண்டு மூன்றாண்டுகளில் விமானவியல், மின்னணுவியல், கருவிப் பொறியியல், மோட்டார் வாகனப் பொறியியல் என்று பழக்கியது. எழுத்தாளர் சுஜாதாவும் செயின்ட் ஜோசப்பில் இயற்பியல் படித்துவிட்டு, அங்கே மின்னணுவியலுக்கு வந்தவர்தான். பின்னாளில் பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தை உருவாக்கிய பணியில் அவருக்குப் பங்கு இருந்தது.

இன்று இயற்பியல், பொறியியல் என்னும் அந்த இரண்டு படிப்பையும் ஒன்றாகக் கலந்து ஒரே பட்டமாகத் தருகிறார்கள். பெயர் இன்ஜினீயரிங் பிசிக்ஸ், பொறியியல் இயற்பியல். சென்னை, மும்பை, டெல்லி ஐ.ஐ.டி.க்களில் நான்காண்டு பி.டெக். படிப்பாக இருக்கிறது. குவாண்டம் இயக்கவியல், மின்காந்தவியல், திண்மநிலை இயற்பியல், ஒளியியல் ஆகியவற்றோடு மின்னணுச் சாதனங்களும் கணிப்பொறி நிரலும் சேர்ந்த பாடத்திட்டம். கலாம் ஏழு ஆண்டுகளில் இரண்டு ஊர்களில் தேடிக்கொண்டதை இன்று ஒரு மாணவர் நான்கு ஆண்டுகளில் ஒரே வளாகத்தில் பெற்றுவிடலாம். இதைச் சிறிய லாபம் என்று சொல்ல மாட்டேன்.

விலைக்கு வருவோம். கலாம் 1958இல் டெல்லியில் விமானத் தொழில்நுட்ப இயக்ககத்தில் முதுநிலை அறிவியல் உதவியாளராகச் சேர்ந்தார். அடிப்படைச் சம்பளம் மாதம் 250 ரூபாய். அக்கா அடகு வைத்துத் திரட்டிய ஆயிரம் ரூபாய், தம்பியின் நான்கு மாத அடிப்படைச் சம்பளம். ஐ.ஐ.டி.யில் இன்று ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாய் கற்பிப்புக் கட்டணம். 2013க்கு முன்பு 50 ஆயிரமாக இருந்தது. அந்த ஆண்டில் 90 ஆயிரமாயிற்று. 2016இல் 2 லட்சத்தைத் தொட்டது. நான்காண்டுக்கு 8 லட்சம். விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் தனி. பி.டெக். முடித்து இஸ்ரோவில் பொறியாளராகச் சேர்பவருக்கு ஏழாவது ஊதியக் குழுவின்படி தொடக்க அடிப்படைச் சம்பளம் 56,100 ரூபாய். கற்பிப்புக் கட்டணம் மட்டுமே பதினான்கு மாதச் சம்பளத்தை விழுங்கிவிடுகிறது. அது சேர்க்கைப் பணம், இது முழுப் படிப்புக்கான கட்டணம், ஒன்றுக்கொன்று சரிநிகர் இல்லை என்பது உண்மைதான். ஆனாலும் ஒரு குடும்பம் எவ்வளவு கனத்தைத் தூக்குகிறது என்பதை இந்த இரண்டு எண்களும் காட்டிவிடுகின்றன.

ஆனால் அந்தக் கனம் எல்லார் தலையிலும் ஏறுவதில்லை. ஆண்டு வருமானம் ஒரு லட்சத்துக்குள் இருக்கும் குடும்பத்துப் பிள்ளைக்கும், பட்டியல் சாதி, பழங்குடி, மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கும் ஐ.ஐ.டி.யில் கற்பிப்புக் கட்டணம் முழுவதும் தள்ளுபடி. ஐந்து லட்சம் வரை வருமானம் உள்ளவர்களுக்கு மூன்றில் இரண்டு பங்கு தள்ளுபடி. ராமேஸ்வரத்து வீடு போன்ற ஒரு வீட்டிலிருந்து இன்று ஒருவர் ஐ.ஐ.டி.க்குள் நுழைந்தால், கற்பிப்புக் கட்டணத்துக்காக அக்காவின் வளையல் அடகுக்கடை ஏற வேண்டியதில்லை. கலாமுக்கு இருந்த ஒரே பிடி உதவித்தொகை. ஒரு விமான வடிவமைப்பு வேலை சுணங்கியபோது, மூன்று நாளில் வரைபடம் வராவிட்டால் உதவித்தொகையை நிறுத்திவிடுவதாக இயக்குநர் பேராசிரியர் சீனிவாசன் எச்சரித்திருக்கிறார். கலாம் சாப்பிடாமல்கூட வரைபலகையில் கிடந்து அதை முடித்தார். கைச்செலவு கட்டுப்படியாகாமல்தான் சைவ உணவுக்கு மாறியதாகவும் எழுதியிருக்கிறார். அந்தக் கெடுபிடி இன்று குறைந்திருப்பது நல்லது.

என் மனத்தை உறுத்துவது வேறு. வளையல் இன்றும் அடகுக்குப் போகிறது, கல்லூரிக்கு முன்பாகவே போகிறது. நுழைவுத் தேர்வுக்கான பயிற்சி மையங்கள் இரண்டாண்டுக்கு லட்சங்களில் கேட்கின்றன. அங்கே வருமானம் பார்த்துச் சட்டப்படி தரும் தள்ளுபடி கிடையாது. கல்லூரிக் கட்டணத்துக்கு வங்கிக் கடன் உண்டு, கோச்சிங் கட்டணத்துக்கு நகைதான் உண்டு. அந்தச் செலவு செய்த பிறகும் சீட் கிடைக்குமா என்பது யாருக்கும் தெரியாது.

இன்னொரு மாற்றம் வயதைப் பற்றியது. கலாம் இயற்பியலைப் படித்துப் பார்த்து, தனக்கு என்ன குறைகிறது என்று கண்டுகொண்டு, இருபது வயதைத் தாண்டிய பிறகு பொறியியலைத் தேர்ந்தார். இன்று முடிவெடுப்பவருக்குப் பதினேழு, பதினெட்டு வயது. கலந்தாய்வுப் பட்டியலை வரிசைப்படுத்தும்போது முதலில் கம்ப்யூட்டர் சயின்ஸ், பிறகு எலெக்ட்ரானிக்ஸ், அப்படியே கீழிறங்கி வந்து ஓர் இடத்தில் இன்ஜினீயரிங் பிசிக்ஸ். இயற்பியலின் மேல் ஆசை வைத்து அதை மேலே எழுதும் பிள்ளைகள் உண்டு. ரேங்க் இறங்கிய இடத்தில் அது இருந்ததால் சேர்ந்தவர்களும் உண்டு. இந்த இருவருக்கும் கட்டணம் ஒன்றே, பயன் ஒன்றாக இருக்காது.

வேலைச் சந்தையிலும் இந்தப் பட்டம் சற்றுச் சிரமப்படும். மத்திய அரசின் பொறியியல் பணித் தேர்வு சிவில், மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல், எலெக்ட்ரானிக்ஸ்-தொலைத்தொடர்பு என்னும் நான்கு பிரிவுகளுக்கே நடக்கிறது. பொதுத்துறை விளம்பரங்கள் பெரும்பாலும் அந்தப் பெயர்களையே கேட்கும். இன்ஜினீயரிங் பிசிக்ஸ் படித்தவர் ஒவ்வொரு படிவத்திலும் தன் பிரிவின் பெயரைத் தேடிப் பார்க்க வேண்டியிருக்கிறது. வளாக நேர்காணலில் மென்பொருளும் தரவுப் பகுப்பாய்வும் நிதி நிறுவன வேலைகளும் கிடைக்கும். அவற்றுக்குக் குவாண்டம் இயக்கவியல் தேவைப்படுவது அரிது.

அதே சமயம், முதல் வேலையை மட்டும் வைத்து இந்தப் படிப்பை அளந்தால் தப்புக் கணக்காகிவிடும். கலாம் எம்.ஐ.டி.யில் நுழைந்தபோது இந்தியாவில் ராக்கெட் வேலை என்று ஒன்று இருக்கவில்லை. தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் 1963 நவம்பர் 21 அன்றுதான் எழும்பியது. அவர் பெயர் சொல்லும் வேலைக்கு அவருடைய பாடத்திட்டத்தில் இடமே இல்லை. அடிப்படை வலுவாக இருந்ததால் புதிய வேலையைப் பிடித்துக்கொள்ள முடிந்தது. இன்று அப்படிக் கதவு திறக்கும் துறைகள் தெரிகின்றன. 2023 ஏப்ரலில் மத்திய அரசு 6,003 கோடி ரூபாயில் தேசிய குவாண்டம் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. அதில் குவாண்டம் தகவல்தொடர்புக்கான மையம் சென்னை ஐ.ஐ.டி.யில் அமைந்திருக்கிறது. குறைக்கடத்தித் தொழிலுக்கு 76,000 கோடி ரூபாய்த் திட்டம் 2021 டிசம்பரில் வந்தது. இயற்பியலும் பொறியியலும் ஒரே கையில் இருப்பவரை இந்தத் துறைகள் தேடும். கலாம் முதல் வேந்தராக இருந்த திருவனந்தபுரம் விண்வெளிக் கல்லூரியான ஐ.ஐ.எஸ்.டி.யிலும் இன்று பொறியியல் இயற்பியல் இரட்டைப் பட்டப் படிப்பாக இருக்கிறது.

ஆகவே என் தீர்ப்பு இது: கட்டணச் சலுகை கிடைக்கிற, இயற்பியலில் மனம் ஒன்றுகிற பிள்ளைக்கு இந்தப் பட்டம், கொடுத்த விலைக்கு மேல் திருப்பித் தரும். வேறு பிரிவு கிடைக்கவில்லையே என்று, முழுத் தொகையையும் வட்டிக்கு வாங்கிச் சேர்க்கும் குடும்பத்துக்கு இதைப் பரிந்துரைக்க எனக்கு மனம் வராது.

அந்தக் குடும்பத்துக்குச் சொல்ல ஒன்று இருக்கிறது. இயற்பியலை முதலில் படித்துப் பார்த்துவிட்டுப் பொறியியலுக்குப் போகும் பழைய வழியில் ஒரு சிறு கதவு இன்னும் மூடப்படவில்லை. பிளஸ் டூவில் கணிதம் படித்து, பி.எஸ்.சி. முடித்தவர்கள் தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். முதலில் மூன்றாண்டு, பிறகு மூன்றாண்டு. அதற்கான கலந்தாய்வைக் காரைக்குடி அழகப்ப செட்டியார் அரசு பொறியியல் கல்லூரி நடத்திவருகிறது. வீட்டில் பிளஸ் டூ முடித்த பிள்ளை இருந்தால், பட்டியலைப் பூட்டுவதற்கு முன் இந்த வழியையும் ஒரு வரி எழுதிக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.